உன் பின்னால் வந்த கடைசி வண்டி

என் செல்ல மகளுக்கு, நீயும் மாப்பிள்ளையும் அங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போன வாரமும் போனில் எல்லாரும் நல்லா இருக்கோம் என்றுதான் சொன்னேன். இரண்டு அறை வீட்டில் உன் அப்பா காதில் விழாமல் நான் என்ன பேச முடியும், அதோடு போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால்தான் காகிதம். படிக்கும்போது பக்கத்தில் மாப்பிள்ளையை உட்கார வைத்துக்கொள்.

நீ வேலை முடிந்து சாயங்காலம் லாரி ஓட்டும் கேம் ஒன்று ஆடுகிறாய், ஏழெட்டுப் பேர் வரிசையாக வண்டி ஓட்டிக்கொண்டே பேசிக்கொள்வீர்கள், யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று ஒரு நாள் ஸ்பீக்கரில் போட்ட போனில் சொன்னாயே, அன்றைக்கு உன் அப்பா சட்டைக்கு இஸ்திரி போடுகிற மாதிரி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாளே கம்ப்யூட்டர் கடைக்காரம்மாவைப் பிடித்து, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, அந்த கேமையும் போட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வாழ்நாள் முழுக்க நிஜ லாரி ஓட்டியவருக்கு அந்த எலியைப் பிடித்து நகர்த்தத் தெரியவில்லை, வண்டி கிளம்பும் முன்னே மூன்று கம்பத்தை இடித்தார், நான் சிரித்ததற்கு ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. உங்கள் கூட்டத்தில் மைக் இல்லாமல், ஒரு வார்த்தை பேசாமல், எப்போதும் எல்லாருக்கும் பின்னால் வருகிறவருக்குக் கடைசி வண்டி அண்ணன் என்று நீங்கள் பெயர் வைத்தீர்களே, அது வேறு யாரும் இல்லை கண்ணு. உன் அப்பாதான்.

நீ விரும்பியவரைக் கட்டிக்கொண்டு பெட்டியோடு வாசலில் நின்ற அன்று, இனிமே உன் குரலே இந்த வீட்டுல கேக்கக் கூடாது என்று கத்தினவர்தான், ஒரு வருஷமாகக் காலை டீயைக் கையில் எடுத்துக்கொண்டு ஹெட்போனை மாட்டி உன் குரலைக் கேட்க உட்கார்ந்துவிடுவார். அங்கே உனக்கு சாயங்காலம், இங்கே எங்களுக்குக் காலை. அந்த அண்ணன் பேசமாட்டார் போல, ஆனா அவர் பின்னாடி வந்தா தைரியமா இருக்கு என்று நீ யாரிடமோ சொன்னாயாம், அதை என்னிடம் வந்து சொல்லிவிட்டு, துடைத்த வண்டியை மறுபடி துடைக்கிற மாதிரி அந்தத் திரையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நேரே போன் பண்ணுங்களேன் என்றால், எடுக்க மாட்டா, எடுத்தாலும் நான் என்னத்தப் பேச என்பார்.

அவருக்குத் தொண்டை கட்டியே இருந்தது, தூசு என்று தள்ளிக்கொண்டே போனோம். டாக்டர் பார்த்துவிட்டு உள்ளே கட்டி முற்றிவிட்டது, குரல்வளையையே எடுக்க வேண்டும், எடுத்தால் உயிருக்கு பயமில்லை, ஆனால் பேச்சு வராது என்று சொல்லிவிட்டார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். வேலைய விட்டுட்டு ஓடி வருவா, வந்தா அவ மூஞ்சியப் பாக்க எனக்குத் தெம்பில்ல என்றார். ஆனால் மறுநாள் போய் மைக் வைத்த ஹெட்போன் ஒன்றை வாங்கி வந்தார். அதைப் பொருத்தப் பட்ட பாடு ஒரு கதை. அதற்குச் செருகுகிற முள் இரண்டு, கம்ப்யூட்டரில் ஒரே ஓட்டை. கடைக்காரம்மா இரண்டையும் சேர்க்கிற ஒயர் கொடுத்தாள். மாட்டினால் சத்தம் போகவில்லை, கம்ப்யூட்டரே மைக்குக்கு அனுமதி தராமல் பூட்டி வைத்திருக்கிறது என்று அவளே வீட்டுக்கு வந்து செட்டிங்ஸில் திறந்துவிட்டாள். அப்புறமும் போகவில்லை, கேமுக்குள்ளே வேறு மைக் தேர்வாகியிருந்தது, அதையும் மாற்றினோம். பேசினால் பச்சைக் கோடு ஏற வேண்டும், பேசுகிற வரை ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அவர் குரல் அப்போதே காற்றாகப் போயிருந்தது, கோடு ஏறவே இல்லை. மைக் சத்தத்தைக் கடைசி வரை கூட்டி வைத்துவிட்டுப் போனாள். கோடு ஏறியது. அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் காலை என்னையும் பக்கத்தில் உட்கார வைத்து, ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் திருப்பி என் காதில் வைத்தார். நீ பேசிக்கொண்டே முன்னால் போனாய். அவர் பொத்தானை அழுத்தி, சின்ன வயதில் உன்னைக் கூப்பிடுகிற மாதிரியே, வாலு, அப்பா பேசறேன் என்றார். அந்தத் தொண்டையில் வந்தது, கூட்டி வைத்த மைக்கில் மின்விசிறி இரைச்சலோடு எப்படிக் கேட்டிருக்கும் என்று இப்போது புரிகிறது. ஐயோ அண்ணே, உங்க மைக்கு காதக் கிழிக்குது, ஒண்ணும் புரியல, மன்னிச்சுக்கோங்க, உங்கள ம்யூட் பண்றேன் என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். உன்மேல் தப்பே இல்லை கண்ணு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பொத்தானிலிருந்து அவர் கையை எடுக்கப் பார்த்தேன். விடவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தினார், விளக்கைப் போட்டார், உனக்குக் கேட்காது என்று தெரிந்தே பேசினார். அதை உன்னிடம் சேர்ப்பதற்குத்தான் சத்தியத்தை மீறி இதை எழுதுகிறேன். அவர் சொன்னது இதுதான்: வாலு, நீ நல்லா ஓட்டற, இறக்கத்துல மட்டும் பிரேக்கையே நம்பாத. அன்னிக்கு வாசல்ல பேசினது என் வாய்க்கொழுப்பு, மனசு இல்ல. அந்தப் பையன நான் ஒரு தடவகூட மாப்பிள்ளனு கூப்பிட்டதில்ல, இப்பக் கூப்பிடறேன், மாப்பிள்ள, எம் பொண்ணப் பாத்துக்கங்க. இந்தக் குரல நாளைக்கு எடுத்துடுவாங்க வாலு, அதுக்குள்ள உன்னக் கூப்பிட்டுடணும்னு இருந்துச்சு. அப்புறம் நாங்கள் உனக்கு வைத்த பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார், தொண்டை அடைத்துக் காற்று மட்டும் வரும் வரை. அந்த நேரம் பார்த்து நீ, கடைசி வண்டி அண்ணன் எங்க, பின்னாடி காணோமே, நில்லுங்கப்பா அவர் வரட்டும் என்றாய். எல்லாரும் நின்றீர்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பயப்படாதே. கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் டம்ளரால் மேசையைத் தட்டுகிறார். அடுப்படியில் நின்று ஏன் இன்னும் கூப்பிடவில்லை என்று குரலையே எதிர்பார்த்துக்கொண்டிருந்துவிடுகிறேன், பழக்கம் போக மாட்டேன் என்கிறது. கொஞ்சம் தேறியதும் மறுபடி அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நீ விசாரித்தாயாம், பிறகு காகிதத்தில் எழுதிக் காட்டினார், அண்ணே, ம்யூட் எடுத்துட்டேன், மைக் மாத்திட்டீங்களா, இப்பப் பேசுங்க பாக்கலாம் என்று. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். நெடுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, நான் கதவைத் தட்டவில்லை.

இதைப் படித்ததும் அழுதுகொண்டு போன் பண்ணாதே, டிக்கெட் போட்டு ஓடியும் வராதே, விடுப்பு கிடைக்கும்போது இரண்டு பேருமாக வாருங்கள். வேளைக்குச் சாப்பிடு, கண் வலிக்கிற வரை திரையைப் பார்க்காதே. நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் ஒற்றுமையாக இருக்க வேண்டும், அப்பாவும் அதையேதான் நினைக்கிறார். ஒன்றே ஒன்று மறக்காதே. நாளைக்கு உனக்குப் பின்னால் அந்த வண்டி வரும்போது, மற்றவர்கள் கேட்டாலும் பரவாயில்லை, அப்பா என்று கூப்பிடு. பதில் வராது கண்ணு. பதில் வரவில்லையே என்று மட்டும் பேச்சை நிறுத்திவிடாதே.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா