தவத்தின் வில்லைத் தாங்கிய ஆணி

சண்டை பிடிக்க ஆளில்லாமல் என்னைத் தனியே விட்டுப்போன என் தவம் மச்சானுக்கு,

நேற்று நடந்ததை உனக்குச் சொல்லாவிட்டால் எனக்கு விசர் பிடித்துவிடும். கோட்-டெ-நெய்ஜில் உன் வீட்டு அறையில், உன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் இருந்துகொண்டு உன் வில்லின் ஆணியைக் கழற்றினேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அது நான் செய்து தந்த ஆணி இல்லை.

இந்தக் கடிதம் உனக்குத்தான். ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் இரண்டாம் ஆண்டுத் திவசத்துக்கு வருகிற எல்லார் கையிலும் இது இருக்கும். நினைவு மலரில் போடச்சொல்லி உன் மனைவி ராணியிடம் கொடுக்கப்போகிறேன். ஆகையால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். நீ இருந்தபோதும் சொன்னதையே திருப்பிச் சொல்கிறவன்தானே நான்.

நம் இரண்டு பேருக்கும் ஊர் மட்டக்களப்பு, வந்து சேர்ந்தது கியூபெக். நீ ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகிறவன். நான் லேத் மெசினில் இரும்பு கடைகிறவன். சனிக்கிழமை காலையில் மெத்ரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்து டோனட் கடையில் சந்திப்போம். மற்றவர்கள் ஊர்ப்புதினம் கதைப்பார்கள். நீயோ நூலகத்தில் எடுத்த பிரெஞ்சுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு குறுக்குவில்லைப் பற்றிக் கதைப்பாய். வில்லைக் கட்டை ஒன்றில் கிடையாகப் பொருத்தி, நாணை இழுத்துக் கொளுவி, துவக்கைப் போல விசையைத் தட்டி எய்கிற அந்தப் பழங்காலத்து ஐரோப்பிய ஆயுதம்.

"மச்சான், அவங்கட்ட கோயில் மணிக்கூடு இருந்தது. கிணத்தில கப்பி இருந்தது. மா அரைக்கிற ஆலையில பல்லுச்சக்கரம் இருந்தது. மறுகா ஏன் வில்லுட ரெண்டு முனையிலயும் ஒரு கப்பியக் கொளுவேல்ல?"

"ஏலாமத்தான் கொளுவேல்ல" என்பேன்.

"ஏலாமலா, யோசிக்காமலா? ரெண்டும் ஒண்டில்லடா."

உன் கணக்கு எனக்கு விளங்காமல் இல்லை. ஐந்நூறு, அறுநூறு வருசத்துக்கு முந்திய அந்த வில்லை ஒரு ஆள் கையால் இழுக்க முடியாது. கைபிடி போட்டுச் சுற்றித்தான் இழுக்கவேண்டும், அவ்வளவு இறுக்கம். அப்படி இழுத்தும் நாண் ஓடுவது ஒரு சாண்கூட இல்லை. பலத்தைக் கூட்டினார்களே தவிர ஓட்டத்தைக் கூட்டவில்லை என்பாய். முனையில் கப்பி போட்டு நாணை நீளமாக ஓடவிட்டால், இளகின வில்லே அந்த வேலையைச் செய்யும் என்பாய். மரம், மாட்டுக்கொம்பு, நரம்பு, பசை, சணல், இரும்பு. அவர்களிடம் இருந்த பொருள் மட்டும்.

நான் ஒரே இடத்தில்தான் உன்னை மறித்தேன். கப்பி சுழல்கிற அந்தச் சின்ன ஆணியில். முழுப் பாரமும் அதில்தான் விழும்.

"அந்தக் காலத்து இரும்பு தாங்காது. ஆணி முறியும், மச்சான். முறிஞ்சா உன்ட மூஞ்சிதான் போகும்."

நீ விட்டாயா? சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குப் பக்கத்தில் ஒரு மாட்டுப் பண்ணைக்காரனைப் பிடித்து, கொம்பும் நரம்பும் வாங்கினாய். அவனுடைய இடிந்த கொட்டிலில் இருந்து பழைய கதவுப் பிணைச்சல் இரண்டையும் கேட்டு வாங்கினாய். அதில் ஒன்றை என்னிடம் தந்தாய். "இது பழைய முறையில அடிச்செடுத்த இரும்பு. இதில ரெண்டு ஆணி கடைஞ்சு தா. மறுகா பாப்பம் ஆர் சொன்னது சரியெண்டு."

லேத்தில் ஏற்றிப் பார்த்தேன். பழைய பலகையைப் போல இழை இழையாக இருந்தது. முறியும் என்று பயந்தேன். பிணைச்சலைத் தூக்கிக் கழிவுப் பெட்டியில் போட்டேன். லொறிச் சாமானுக்கு வந்த நல்ல உருக்குக் கம்பியில் மிச்சத் துண்டு ஒன்று கிடந்தது. அதில் இரண்டு ஆணி கடைந்தேன். பழசு போலத் தெரியவேண்டும் என்று நெருப்பில் சிவக்கச் சிவக்கச் சூடாக்கி எண்ணெயில் போட்டுக் கறுப்பாக்கினேன். நீ அதை வாங்கிக் கண்ணில் ஒற்றினாய், தவம். நான் உன் முகத்தைப் பார்க்காமல் காலில் சப்பாத்துக் கயிறு கட்டினேன்.

பண்ணையில் வில் விட்ட நாளை இதை வாசிக்கிறவர்களில் எட்டுப் பேர் கண்ணால் கண்டவர்கள். அம்பு தடித்த பலகையைத் துளைத்து மற்றப் பக்கம் வெளியே வந்து நின்றது. எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, நீ என் கையைப் பிடித்து உயர்த்திக் கத்தினாய். "ஆணி யோசேப்பு செய்தது! அது நிண்டபடியாத்தான் எல்லாம் நிண்டது!"

அன்றையிலிருந்து நான் 'ஆணி யோசேப்பு'. கலியாண வீட்டில், பிறந்தநாள் வீட்டில், செத்தவீட்டில்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு திரிந்தேன். மூன்று மாதத்தில் உனக்கு நெஞ்சு வலி வந்தது. உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழும்போதும், 'ஏதோ, அவன் சந்தோசமாகப் போனான், பொய்யென்றாலும் நல்ல பொய்தானே' என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

போன மாதம் ராணியிடமிருந்து தொலைபேசி வந்தது. பல்கலைக்கழகத்தில் பழைய ஆயுதங்களைப் பற்றி ஆராய்கிற ஒரு கியூபெக் பெண்மணி உன் வில்லின் படத்தைக் கண்டிருக்கிறார். எடுத்துப்போய்ச் சோதித்து, மக்கள் பார்வைக்கும் வைக்கவேண்டுமாம். இரும்பையும் சோதிப்பார்களாம். ராணிக்கு வாயெல்லாம் சிரிப்பு. எனக்கோ பயம். உருக்கு என்று கண்டுபிடித்தால் உன்னையல்லவா ஏமாற்றுக்காரன் என்பார்கள்?

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நேற்று நான் உண்மையைச் சொல்லப் போகவில்லை. அதே பண்ணையில் இன்னொரு பழைய இரும்பு வாங்கி, இரண்டு ஆணி கடைந்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். ஒருவருக்கும் தெரியாமல் மாற்றிவிட்டு வருவதுதான் திட்டம். நாணில் பூஞ்சணம் பிடித்திருக்கும், பார்க்கவேண்டும் என்று ராணியிடம் இன்னொரு பொய்.

"கொண்டே போங்க, அண்ணன்" என்றாள் அவள். "நம்மட ஆக்கள் ஆயுதத்த வீட்டில வைச்சிரிக்கிறதா? ஆரும் கதவத் தட்டினா, முதல்ல அதுக்கு மேல ஒரு சேலையப் போட்டுட்டுத்தான் திறக்கிற நான்." சொல்லிவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனாள்.

அப்போதுதான் ஆணியைக் கழற்றினேன். லேத்தில் கடைந்தது எங்கே அளந்தாலும் ஒரே வட்டமாக இருக்கும். இது ஒரு பக்கம் மெலிந்து, ஒரு பக்கம் தடித்து, முழுக்க அரத்தின் கீறல். கையால் அராவிய பழைய இரும்பு. மற்றதைக் கழற்றினேன். அதுவும் அப்படியே. இரண்டிலும் கப்பி உரசிய இடம் மினுங்கியதே தவிர, ஒரு மயிரளவு வளைவும் இல்லை.

ராணி தேத்தண்ணியோடு வந்தவள், என்னைக் கண்டு பயந்துவிட்டாள். "என்ன அண்ணன், முகம் வெளிறிப்போய்? நெஞ்சு நோகுதா?"

நான் ஆணியை நீட்டினேன்.

"ஓ, அதா? ரெண்டு கிழமை அந்த யன்னலடியில இருந்து அராவினவர். விரலையும் வெட்டிக்கிட்டார். யோசேப்பு அண்ணன் செய்து தந்திட்டாரே, மறுகா ஏன் எண்டு கேட்டன். 'அவன்ட ஆணி நல்ல ஆணிதான் ராணி, இந்த வில்லுக்குத்தான் சரிவராது' எண்டார்."

"எப்ப இது?"

"வில்லு விடுறதுக்கு முதல்தான். ஏன், உங்களுக்குச் சொல்லேல்லையா?"

வில் விட்ட அன்று நீ விரலில் துணி சுற்றி வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மீன் டின் வெட்டியது என்று சொன்னாயே, படுபாவி! மற்றப் பிணைச்சல் உன்னிடம்தானே இருந்தது. என் ஆணி கப்பிக்குள் இறுகியதால் அரம் போட்டிருப்பாய். அரம் கடிக்காமல் வழுக்கியிருக்கும். அது பழைய இரும்பு இல்லை என்று அந்த நொடியே உனக்கு விளங்கியிருக்கும், இல்லையா?

உன் ஆணிகளைத் திரும்ப வில்லிலேயே பூட்டினேன். ராணி பொத்தான் டின்னுக்குள் கிடந்த என் ஆணிகள் இரண்டையும் எடுத்துத் தந்தாள். அதோடு முடிந்திருந்தால் வெட்கத்தோடு போயிருக்கும், மச்சான். இன்று காலையில் அவற்றை வேலைக்குக் கொண்டுபோனேன். மனது ஆறவில்லை. ஒன்றைப் பிடிகருவியில் இறுக்கி, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். கண்ணாடியைப் போல இரண்டாகப் போனது. ஒரு துண்டு பறந்து எதிர்ச் சுவரில் அடித்தது. பக்கத்து மெசின்காரன் பிரெஞ்சில் ஏசினான். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

சிவக்கச் சூடாக்கி எண்ணெயில் போட்டால் அந்த உருக்கு கல்லைப் போல இறுகி, நொறுங்குகிற பதத்துக்கு வரும். திரும்ப இளஞ்சூடு காட்டிப் பதப்படுத்தவேண்டும். முதல் வருசம் வேலை பழகுகிறவனுக்கும் இது தெரியும். கறுப்பாக்குகிற அவசரத்தில், பிடிபடக்கூடாது என்ற பதற்றத்தில், நான் அதை மறந்தே போனேன். சட்டைப்பையில் இருந்த பழைய இரும்பு ஆணியையும் அதே இடத்தில் இறுக்கி அடித்தேன். வளைந்தது. இன்னும் அடித்தேன். இன்னும் வளைந்ததே தவிர முறியவில்லை.

உன் முகத்தைக் காப்பாற்றத் தந்த ஆணிதான் உன் முகத்தில் தெறித்திருக்கும். விசைக்குப் பக்கத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு நீ குறிபார்த்தாய். 'என் உருக்கு இருக்கிறது, பயமில்லை' என்று நான் பின்னால் நின்றேன்.

ஏன் எனக்குச் சொல்லவில்லை? மூன்று மாதம் இருந்ததே! கிழமைக்குக் கிழமை உனக்கு எதிரே இருந்து டோனட் தின்றேனே. எனக்குப் பாவம் பார்த்தாயா? நானே ஒருநாள் வாயைத் திறப்பேன் என்று காத்திருந்தாயா? பொய்யென்று தெரிந்துகொண்டு என் கையை எதற்காகத் தூக்கினாய்?

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். அந்தக் காலத்துக் கொல்லனால் ஏலும். நீ செய்தது ஒரு வில்தான், அதைப்போல ஆயிரம் செய்து படைக்குக் கொடுத்திருப்பார்களா, மழையில் பசை நின்றிருக்குமா என்பதெல்லாம் வேறு கதை. அதற்கு நான் இன்னும் உன்னோடு சண்டை பிடிப்பேன். ஆனால் ஆணியில் நீதான் சரி. ஒரு அரமும் பொறுமையும் போதுமாக இருந்திருக்கிறது.

பயத்தில்தான் ஆணியை மாற்றினேன் என்று மேலே எழுதினேன். அது பாதி உண்மை. மற்றப் பாதியை எழுதக் கை கூசுகிறது. கட்டில் தள்ளுகிறவனுக்கு இரும்பைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன், தவம். அந்தக் காலத்துக் கொல்லனையும் உன்னையும் ஒரே கண்ணால்தான் பார்த்தேன். இரண்டு பேரும் ஏலாதவர்கள் என்று.

வருகிற கிழமை அந்தப் பெண்மணி வில்லை எடுக்க வரும்போது ராணியோடு நானும் இருப்பேன். எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில், ஆணி உட்பட எல்லாம் நீ செய்தது என்று சொல்வேன். அவர் எழுதுகிற தாளில் உன் பெயரை நானே எழுத்துக் கூட்டிக் கொடுப்பேன்.

அதற்கு முந்தியது இந்த ஞாயிற்றுக்கிழமைத் திவசம். மலரில் அச்சடித்தால் பாதிப் பேர் படத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். ஆகையால் எழும்பி நின்று இதை நானே வாசிப்பேன். சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் வயிறு நிறைந்த சந்தோசத்தில் மன்னித்துவிடுவார்கள். இலை போட முதல், எல்லாரும் பசியோடு இருக்கும்போதே வாசிப்பேன். இனி ஒருவரும் என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்றும் கேட்பேன். இது சத்தியம், மச்சான்.

உன்னை ஒரு நாளும் நம்பாத, ஆனாலும் நீ கடைசிவரை கைவிடாத,
உன் மச்சான்
யோசேப்பு