முள்ளம்பன்றி கேட்ட வசதி

பிப்ரவரி 6, செவ்வாய்

அக்காவுக்கு ஊட்டிவிட்டு, கை கழுவிக்கொண்டு தபாலைப் பிரித்தேன். ஒரு பெரிய கம்பெனியின் சட்டப் பிரிவு. பேச முடியாதவர்களுக்காக நான் எழுதிய மென்பொருளில், ஆள் களைத்தால் ஒவ்வொரு எழுத்திலும் காத்திருக்கும் நேரம் தானாகக் கூடுகிறதே, அந்த முறைக்குக் காப்புரிமை அவர்களுடையதாம். பதினான்கு வருடம் முன்னால், ஆகஸ்டில் விண்ணப்பித்தார்களாம். முப்பது நாளில் அதை எடுக்காவிட்டால் வழக்கு.

யாரிடமும் எதுவும் வாங்காமல், உள்ளே இருப்பதையெல்லாம் திறந்தே வைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளட்டும் என்று கொடுத்தது. அதற்குப் போய் வழக்கா?

பிப்ரவரி 7

அக்காவிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

இன்று லீவு போட்டு ஒரு சோதனை. அக்காவின் கணினியில் மட்டும் அந்த வசதியை நீக்கிப் பார்த்தேன். அவளுக்குக் கன்னம் மட்டும்தான் அசையும். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டியது வரும்போது கன்னத்தால் பட்டனை அழுத்துவாள், கணினி படித்துச் சொல்லும். காலையில் வித்தியாசமே தெரியவில்லை. மதியத்துக்கு மேல் கன்னம் சோர்ந்துவிட்டது. எழுத்துகள் நிற்காமல் ஓடின. 'தண்ணி' என்று எழுத ஒன்பது நிமிடம். இரண்டாம் எழுத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் பாதியில் வார்த்தையைப் பிடுங்கினால் அவளுக்குப் பிடிக்காது. டம்ளரோடு நின்றேன். பாவி நான்.

பழையதைத் திரும்பப் போட்டதும் கணினி கேட்டது: "என்னடா பண்ணித் தொலைச்ச?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "எடுத்துடலாமாக்கா? உன்னோடதுல மட்டும் இருக்கட்டும். யாருக்குத் தெரியப் போகுது?"

"நான் மட்டும் பேசணும், மத்தவங்க வாயை மூடிக்கணும். நல்லா இருக்குடா உன் நியாயம்."

மூவாயிரம் பேருக்கு மேல் பயன்படுத்துகிறார்கள். அவர்களுக்கெல்லாம் மதியத்துக்கு மேல் என்ன ஆகும்?

பிப்ரவரி 12, திங்கள்

இந்த மாதிரி திறமூல வேலைகளுக்கு இலவசமாக உதவும் வக்கீலம்மாவிடம் பேசினேன். "அவங்க விண்ணப்பிச்ச தேதிக்கு முன்னாடியே இந்த முறை பொதுவுல, விவரமா வெளியாகியிருந்தா பேட்டன்ட் நிக்காது. அப்படி ஏதாவது இருக்கா சார்?"

நான் அதைச் சேர்த்தது அடுத்த ஜனவரியில். "இல்லீங்க," என்றேன்.

பொய்.

பிப்ரவரி 13

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். யோசனை என்னுடையதே இல்லை. அவர்கள் விண்ணப்பித்ததற்கு இரண்டு மாதம் முன்பு, யாரும் படிக்கக்கூடிய எங்கள் மின்னஞ்சல் குழுவில் ஒருவர் கேட்டார். எதற்கெடுத்தாலும் குத்திக்கொண்டே இருப்பார். நான் முள்ளம்பன்றி என்று பெயரே வைத்திருந்தேன். "சாயங்காலம் ஆனா என் மனைவிக்கு பட்டன் தவறுது, நேரத்தைக் கூட்டக் கூடாதா?" அவ்வளவுதான் கேட்டார். நான் நக்கலாக நீளமாக எழுதினேன். அவர் எகிறினார். குழுவிலிருந்தே தூக்கிவிட்டேன். ஏழு மாதம் கழித்து அதையே சத்தமில்லாமல் சேர்த்து, என் பெயரைப் போட்டுக்கொண்டேன். பிறகு வெட்கமாகி, அந்தச் சண்டை முழுவதையும் தளத்திலிருந்து அழித்தேன். இருந்த ஒரே சான்றையும் நானே துடைத்திருக்கிறேன். என்ன புத்தி!

இரவு அக்காவிடமும் சொல்லிவிட்டேன். "அவருக்கு எழுது," என்றாள்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு?"

"இருக்கிறத வச்சுத்தான்."

பிப்ரவரி 15

எழுதிவிட்டேன். நான்கு வரி. முதல் வரியில் மன்னிப்பு.

பிப்ரவரி 18

பதில் இல்லை. நான் அவர் இடத்தில் இருந்தால் போட்டிருப்பேனா? மாட்டேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

வந்துவிட்டது! "எல்லாம் வச்சிருக்கேன். உங்க பதிலும் இருக்கு. ஒரு எழுத்தைக்கூட வெட்டாம வக்கீல்கிட்ட குடுக்கணும்." அதற்குக் கீழே, தேதியோடு, என் பழைய மடல்:

'ஓ, ஒவ்வொரு தடவை தவறவிட்டாலும் கால் நொடி கூட்டணுமோ? வரிசையா அஞ்சு தடவை சரியா அழுத்தினா கால் நொடி குறைக்கணுமோ? ஆளுக்கு ஆள் அதைச் சேமிச்சு வேற வைக்கணுமோ? தாலாட்டும் பாடட்டுமா?'

காது சுட்டது. ஒரு மனிதன் மனைவிக்காகக் கேட்டதற்கு இப்படியா எழுதுவேன்? வெட்டாமல் அனுப்பினேன். முன்பு சொன்னது பொய் என்றும் எழுதினேன்.

வக்கீலம்மா சாயங்காலம் போன் செய்தார். சிரிப்பை அடக்கியது நன்றாகவே தெரிந்தது. "அவர் நேரத்தைக் கூட்டத்தான் கேட்டாரு சார். முழு முறையையும் விலாவாரியா எழுதினது நீங்க. அவங்க பேட்டன்ட்ல இருக்கிற மூணு படியும் இதுல அப்படியே இருக்கு. நீங்க மரியாதையா பேசியிருந்தா மாட்டியிருப்பீங்க!"

என் வாய்க்கொழுப்பால் விளைந்த முதல் நன்மை.

மார்ச் 1

குழுவின் பழைய ஆட்கள் இன்னும் இருவரிடமும் அதே மடல் கிடைத்தது. எல்லாம் கம்பெனிக்குப் போயிற்று. இனி காத்திருப்பதுதான். தூக்கம் சரியில்லை.

மார்ச் 14, வியாழன்

கம்பெனியிடமிருந்து இரண்டே வரி. மேற்கொண்டு நடவடிக்கை எடுக்கும் எண்ணம் இல்லையாம்.

அப்பாடா. அடுப்படிச் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"அழறதுன்னா அங்கயே அழுதுட்டு வா," என்றது உள்ளே கணினி. "சாப்பாட்டுல விழப் போகுது."

மார்ச் 16, சனி

புதிய பதிப்பை வெளியிட்டேன். அந்த வசதிக்கு நேராக இருந்த என் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போட்டேன். அவரைக் குழுவிலும் திரும்பச் சேர்த்தேன்.

ஐந்து மணிக்குக் குழுவில் ஒரு மடல், அவர் முகவரியிலிருந்து.

"நான் அவர் மனைவி. பதினாலு வருஷமா இதுலதான் பேசறேன். இந்த லெட்டரைக் காலைல ஆரம்பிச்சேன், யாரும் உதவி பண்ணல. இப்பக் கன்னம் தொங்கிப் போச்சு. ஆனா கடைசி எழுத்து வரைக்கும் எனக்காக நின்னுது. ஒரு குறை: எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு. பெருசாக்க முடியுமா?"

ஒரு வரியில் பதில் போட்டேன்: "இந்த வாரமே செய்றேங்க."

அதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "அவ்வளவுதானா எழுதின?" என்றாள். அவ்வளவுதான் என்றேன்.