கணக்கில் ஏறாத ஓட்டம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். உங்கள் மூட்டு வலி எப்படி இருக்கிறது?

நீங்கள் டிவியில் பார்த்துக் கைதட்டுவீர்களே, எங்கள் கால்பந்து அணியின் ‘புயல்’, அவர் போன வாரம் நான் ஆட்ட வீடியோக்களை அலசும் அறைக்கே வந்துவிட்டார். அவர் ஆட்டம் முன்போல் இல்லை என்று பயிற்சியாளரிடம் நான்தான் சொல்லியிருந்தேன். பயப்படாதீர்கள், அடி விழவில்லை.

“போன வருஷம் மாதிரியேதான் கோல் போடறேன். அப்புறம் என்னம்மா குறை?”

பழைய ஆட்டம் ஒன்றையும் புதியது ஒன்றையும் போட்டுக் காட்டினேன். “பந்தைப் பாக்காதீங்கண்ணே, எதிரணியைப் பாருங்க.”

முன்பெல்லாம் அவரிடம் பந்து வந்தாலே மூன்று பேர் பாய்வார்கள். நம் ஆட்களுக்கு இடம் கிடைக்கும். இப்போது ஒருவர்தான் வருகிறார்.

“என்னைக் கண்டா பயம் விட்டுப்போச்சா?” முகம் வாடியவர், கொஞ்ச நேரத்தில் சிரித்துவிட்டார். “சரி, அந்த ஒருத்தனையாவது இழுத்துட்டுப் போறேன்.”

நேற்று அப்படியே செய்தார். பந்தே இல்லாமல் ஓரமாக ஓடினார். தடுப்பவரும் பின்னாலேயே போக, காலியான இடத்தில் நம் ஆள் புகுந்து கோல் அடித்தார். புயலின் கணக்கில் ஒன்றும் ஏறவில்லை. ஆனால் முதலில் துள்ளிக் குதித்தது அவர்தான்.

என் பழைய போர்வையை அனுப்பச் சொல்லுங்கள். இங்கே வாங்கியதில் தூக்கம் வரவில்லை. அப்புறம், வீடியோ காலில் ‘ஜம்முனு இருக்கேன்’ என்று முகத்தை மட்டும் காட்டுகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து வாசல்வரை நடங்கள். முகத்தை நான் நம்புவதாக இல்லை. ஓட்டத்தையும் நடையையும் பார்ப்பதுதானே என் பிழைப்பு!

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்