எட்டு வண்டி நிற்க இடம்

மார்ச் 3
ஆமா, காலேஜை விட்டுட்டேன். இரண்டு வருஷம் அடிலெய்டில் படித்தது போதும். அக்கா டெகன் காலையிலிருந்து அதையே கேட்கிறாள். அடுத்து என்ன என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள். இங்கே எழுதி வைக்கிறேன்: ஹைவே ஓரம் மூடிக் கிடக்கிற பெட்ரோல் பங்கில் காபிக் கடை. வண்டியை விட்டு இறங்கவே வேண்டாம். ஜன்னலோரம் வா, வாங்கு, போ. அதற்குக் கவுன்சில் அனுமதி தரணும். ஏப்ரல் முடிவதற்குள் தராவிட்டால் இடத்துக்காரர் டயர் கடைக்கு விற்றுவிடுவார். அப்புறம் எனக்கு? இறைச்சி ஆலை, குளிர் அறை, ரப்பர் பூட்ஸ். மாட்டேன்.

மார்ச் 10
வேலியில் கவுன்சில் அறிவிப்புப் பலகை. பதினான்கு நாள். யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம்.

மார்ச் 21
ஒரே ஒரு ஆட்சேபம். மெர்வ் பாஸ்கோ, ஹைவேக்கு எதிர்ப்பக்கம் குதிரை வளர்க்கிறவர். நேரே போய்க் கேட்டுவிட்டேன்.
"வரைபடத்தப் பாத்தியா நீ? வரிசையில எட்டு வண்டி நிக்கும்னு போட்டிருக்கு. எட்டும் டவுன் கார். செவ்வாக்கெழமை ஆட்டுச் சந்தைக்கு இங்க எவன்டா கார்ல வர்றான்? தொட்டி வச்ச யூட் வண்டி, பின்னாடி ட்ரெய்லர், அதுக்குள்ள ஆடு. நாலு நின்னா அஞ்சாவது ஹைவேல நிக்கும். லாரி வந்து இடிச்சா?"
"நான் கடை போடுறது உங்களுக்குப் பிடிக்கல. அதச் சொல்லுங்க மெர்வ்."
"காபி பிடிக்காதுன்னு எப்பச் சொன்னேன்?"
எரிச்சலோடு வந்து டேப் வைத்து அளந்தேன். நாலுகூட இல்லை, மூன்றரை. இந்த ஊரிலேயே பிறந்தவன் நான், எப்படிடா மறந்தேன்? அடிலெய்டுக்காரன் வரைந்து தந்தான், பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். முட்டாள். முட்டாள்.

மார்ச் 24
நுழைகிற வழியை மாற்றினால்? ஹைவேயிலிருந்து பிரிகிற பின்சந்தில் நுழைந்து, கட்டடத்தை முழுசாகச் சுற்றி ஜன்னலுக்கு — எட்டு நிற்கும். நிற்கணும். புது வரைபடம் கொடுத்தாயிற்று. கவுன்சில் அதிகாரி வெரிட்டி நோலன் அசரவில்லை. "பேப்பர்ல எல்லாம் திரும்பும். தரையில திருப்பிக் காட்டு."

ஏப்ரல் 14, செவ்வாய்
காட்டிட்டேன்! கால்பந்து கிளப்பில் மைதானத்துக்குக் கோடு போடும் தள்ளுவண்டியை இரவல் வாங்கி, விடிந்ததும் சுண்ணாம்புக் கோடு இழுத்தேன். சந்தைக்குப் போகிற ஏழு பேரைக் கெஞ்சி நிறுத்தினேன், ஆடுகளோடு. எட்டாவதாக வந்தது மெர்வ். இரண்டு குதிரை ஏற்றுகிற நீள ட்ரெய்லர். வேண்டுமென்றேதான்.
"இது நுழையட்டும். அப்புறம் பேசு."
நுழைந்தது. மூலையில் திரும்பும்போது நான் பின்னாலேயே ஓடினேன். ட்ரெய்லரின் வால் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே. வெரிட்டி டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "ஒரு சாணா இருந்தாலும் உள்ளதான்" என்றார். ஆடுகள் மொத்தமாகக் கத்தின. கைதட்டல் என்று எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 22
நேற்று கவுன்சில் கூட்டம். டெகன் என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். எங்கள் விஷயம் வந்ததும் மெர்வ் எழுந்தார். போச்சு என்று நினைத்தேன்.
"எனக்கு இவன் தலைமுடியே பிடிக்கல. ஆனா வண்டி திரும்புது. நானே ஓட்டிப் பாத்தேன். ஆட்சேபத்த வாபஸ் வாங்கிக்கிறேன்."
உறுப்பினர்கள் ஏழு பேர். ஏழு கையும் மேலே! ஒரே நிபந்தனை: ஹைவேயில் ஒரு வண்டிகூட நிற்கக் கூடாது.
வெளியே வந்ததும் டெகன் என் முதுகில் ஒன்று வைத்தாள். "சரி, காலேஜப் பத்தி இனிக் கேக்கல. கடையில எனக்கு என்ன வேல தருவ?"

ஜூலை 7, செவ்வாய்
திறந்த பிறகு முதல் சந்தை நாள். ஏழு மணிக்கு ஜன்னலைத் திறக்கணும், இப்போது ஆறே முக்கால். காகிதக் கப் பெட்டி மேல் வைத்து எழுதுகிறேன். கண்ணாடி வழியே எண்ணுகிறேன். ஆறு, ஏழு, எட்டு. எட்டும் ட்ரெய்லரோடு! அடடா, என்ன அழகு, இப்படியே பார்த்துக்கொண்டே —
டெகன் வெளியிலிருந்து கத்துகிறாள்: "டேய் ஜாரட்! சந்தும் ரொம்பிருச்சுடா! பதினாலாவது வண்டியோட வாலு ஹைவேல நிக்குது!"
போகணும்.