அரைச் சுற்று

அன்புள்ள மனைவிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? பாப்பாவின் இருமல் நின்றதா?

கரடுமுரடான மலைச்சாலையில் ஓட்டுவதற்காக ஒரு பல் டாக்டரம்மாவுக்குக் கடையில் கார்பன் இழைச் சைக்கிள் ஒன்றைப் பாகம் பாகமாகப் பூட்டினேன். ஒரு விரலில் தூக்கலாம், அவ்வளவு லேசு. இறக்கத்தில் அந்த அம்மா விழுந்துவிடக்கூடாதே என்று ஹேண்டில்பார் திருகாணியை அளவுக்கு மேல் அரைச் சுற்று முறுக்கினேன். இரும்பு தாங்கும், கார்பன் தாங்கவில்லை. நகம் வெட்டுவதுபோல் ஒரு சத்தம், மயிரிழை விரிசல். யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக் குழாயை நான் இறுக்கி மூடும்போதெல்லாம் "குழாய விட்டுத் தொலைங்க, மரை தேஞ்சே போச்சு"ன்னு கத்துவியே, அதே கைதான்.

பயப்படாதே, சின்ன விஷயம். மூன்று நாளாகச் சோறுதான் இறங்கவில்லை. சொன்னால் முதலாளி ஊருக்கு அனுப்பிவிடுவார். சொல்லாவிட்டால் அந்த அம்மா பள்ளத்தில் கிடப்பார். இன்று வண்டி எடுக்க வருகிறார். ஓட்டிவிடக்கூடாதென்று முன்சக்கரத்தைக் கழற்றி, கடை மாடியில் என் கட்டிலுக்கடியில் ஒளித்திருக்கிறேன்.

எண்ணெய்க்கை துடைக்கத் துணியில்லை. உன் பழைய சேலை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம்.

கீழே மணி அடிக்கிறது, அந்த அம்மாதான். சக்கரத்தோடு இறங்கிப்போய்ச் சொல்லிவிடுகிறேன். முதலாளி அனுப்பிவிட்டால் வந்து நிற்பேன். கதவைத் திற. குழாயைத் தொடவே மாட்டேன்.