தங்கை போட்ட கடைசி ஷாட்

மார்ச் 4, செவ்வாய்

பயிற்சி முடிந்து, முழங்காலில் ஐஸ் கட்டியபடி எழுதுகிறேன். ஞாயிறு கடைசி லீக் ஆட்டம். தோற்றால் எங்கள் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடும். முப்பது வயதுக்காரியை அப்புறம் யார் வைத்துக்கொள்வார்கள்?

எதிரணி என் தங்கையுடையது. முதலிடம் ஏற்கெனவே அவர்களுக்குத்தான். ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான். கோச் சொல்லிவிட்டார்: "உன் தங்கச்சிய நீதான் பிடிக்கணும். அவளப் பத்தி உன்னவிட யாருக்குத் தெரியும்?"

தெரியும்தான். எங்கள் ஊர்க் கல்லூரியில் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வளையம். அங்கிருந்து தொழில்முறை பாஸ்கெட்பாலுக்கு வந்தவர்கள் இரண்டே பேர். இருவரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்!

மார்ச் 6

அம்மா போனில். இஸ்திரிக் கடையை ஞாயிறு மூடிவிட்டு வருகிறாளாம்.

"யாருக்கும்மா கை தட்டுவ?"

"பந்து எவகிட்ட இருக்கோ அவளுக்கு."

மார்ச் 8

தங்கை கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஜெயித்துவிட்டோம்!

கடைசி நொடிகள். ஒரு புள்ளிதான் நாங்கள் முன்னால். பந்து அவளிடம். இடப்பக்கம் போவதுபோல் தோளைச் சாய்த்தாள். நான் நம்பவில்லை. வலப்பக்கம் எழும்பினாள், நானும் எழும்பினேன். பந்து என் விரல்நுனியில் பட்டுத் திசைமாறியது. உடனே மணி. என் அணியே என்மேல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தபோது அவள் உள்ளே போய்விட்டிருந்தாள்.

மார்ச் 11

உடைமாற்றும் அறையில் ஒருத்தி விளையாட்டாகச் சொன்னாள்: "தங்கச்சி மனசு வெச்சா, அக்கா பொழச்சா." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கொஞ்சம் தாழ எழும்பினாளோ? எனக்காகவா? ச்சே — அப்படியானால் எனக்கென்று என்னதான் மிச்சம்?

மார்ச் 12

மேனேஜர் இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் நீட்டினார். நாளை மறுநாள் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன்.

மார்ச் 13

பஸ் பிடித்து அவள் வீட்டுக்கே போனேன். கதவைத் திறந்தவளுக்குக் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. வாசலிலேயே கேட்டேன்.

"எனக்காக விட்டுக்குடுத்தியா?"

பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"விட்டுக்குடுத்தேனா? உயிரக் குடுத்து எழும்புனேன்! அன்னிலேருந்து எனக்குச் சோறு எறங்கல. தட்டிவிட்டதும் இல்லாம வீடு தேடி வந்து வேற கேக்கறியா? நீ என்ன பிச்சைக்காரியா, நான் போடறதுக்கு?"

அவள் திட்டத் திட்ட எனக்கு நெஞ்சு நிறைந்துகொண்டே போனது.

"சிரிக்காதக்கா! பத்திக்கிட்டு வருது எனக்கு."

எப்படிச் சிரிக்காமல் இருப்பது? இத்தனை கோபம் யாருக்கும் நடிக்க வராது. அவள் முழு பலத்தோடுதான் எழும்பியிருக்கிறாள். நான் தடுத்திருக்கிறேன். நானேதான்!

திட்டி ஓய்ந்த பிறகு கேட்டாள்: "சாப்ட்டியா?"

"இல்ல."

"உள்ள வந்து தொலை."

மார்ச் 14

கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

புது சீசனில் முதல்முறையாக அவளோடு மோதல். தோற்றோம்.

இந்த முறை எழும்பும்போதே அரையடி பின்னால் போகிறாள். என் கைக்குக் காற்றுதான் கிடைத்தது. திரும்பத் திரும்ப என் தலைக்குமேலேயே போட்டாள், பாவி.

முடிந்ததும் மூச்சு வாங்கக் கேட்டேன்: "இத எங்கடி கத்துக்கிட்ட?"

"லீவு முழுக்க இதான் வேல. உன் ஒருத்திக்காகத்தான். வேற எவ அவ்ளோ ஒசரம் எழும்பறா?"

தோற்ற அணி தலைகுனிந்து வெளியேறிக்கொண்டிருந்தது. நான் மட்டும் பல்லெல்லாம் தெரிய நடுவில் நின்றேன். கோச் முறைத்தார். முறைக்கட்டும்.