மழை வந்த அன்று நான் விழுந்த கால்

அன்பு மகன் மலேசெலாவுக்கு அப்பா எழுதுவது. வைரச் சுரங்கத்தில் நீ கைகால் சுகத்தோடு இருக்க வேண்டும். இங்கே உன் தங்கை மோசிபுடி நலம், மாடுகள் நலம், நானும் இருக்கிறேன். அந்த வரிசையில் அம்மாவைச் சேர்த்து எழுதக் கை வரவில்லை. இதைக் கொண்டுவருகிற உன் மாமா மகனைத் தவிர யாருக்கும் காட்டாதே, படித்ததும் எரித்துவிடு.

ராணியை வெள்ளைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள் என்ற செய்தி இதற்குள் உங்கள் கொட்டடிக்கு வந்திருக்கும். ராணி மலையில் பத்திரமாக இருக்கிறார். கொண்டுபோனது உன் அம்மாவை.

நம் ராணியின் முகத்தை வெளியார் பார்க்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும். முன்பு வந்த அதிகாரிகளுக்கும் வேறு யாரையாவது காட்டித்தான் அனுப்பினோம். இந்தமுறை வந்தவன் துப்பாக்கிக்காரர்களோடு வந்து, மலையடிவார நிலத்தை விட்டுக்கொடுப்பதாக ராணியே தாளில் கைநாட்டு வைக்க வேண்டும் என்றான். அரண்மனை ஆட்கள் உன் அம்மாவைக் கேட்டார்கள், உயரமும் நிறமும் ஒத்துவருகிறதாம். சிறுத்தைத் தோலைப் போர்த்திக்கொண்டு கிளம்பும்போதுகூட அவளுக்குக் கிண்டல் போகவில்லை. “ஏன்யா, இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது என் கால்ல விழுந்திருக்கியா? இன்னைக்கு விழுறியா இல்லையான்னு பாக்குறேன்” என்றாள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அவள் தாளைத் தொடவே இல்லை, அவன் பேச்சை மொழிபெயர்த்தவனிடம் “முடியாதுன்னு சொல்லு” என்றதோடு சரி. அவள் கைகளைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தேகம், சோளம் இடித்துக் காய்த்துப்போன கை ராணிக்கு ஏது என்று கேட்டான். நிஜ ராணியைத் தேடி மலைக்கு ஆளனுப்பப் போனான், அந்த நேரம் பார்த்து மழை. இரண்டு வருஷமாக வராத மழை, மகனே. மழையைத் தருவதே நம் ராணி, அது வந்தால் அவர் இருக்கும் திசை பார்த்து விழுந்து கைதட்டுவதுதானே நம் வழக்கம், ஜனம் தன்னை மறந்து மலைப்பக்கம் திரும்பத் தொடங்கிவிட்டது. இன்னும் ஒரு நொடி போயிருந்தால் நாங்களே காட்டிக்கொடுத்திருப்போம். நான் எதையும் யோசிக்கவில்லை, ஓடிப்போய் உன் அம்மா காலடியில் சேற்றில் விழுந்து கைதட்டினேன். என்னைப் பார்த்து எல்லாரும் அவள் பக்கம் விழுந்தார்கள். அவன் சந்தேகம் தீர்ந்தது, கைநாட்டு வைக்க மறுத்ததற்காக அவளை வண்டியில் ஏற்றச் சொன்னான். ராணியைக் காப்பாற்றியவன் என்று ஊரே என்னை மெச்சுகிறது. என் பெண்டாட்டியை நானே பிடித்துக் கொடுத்தேன் மலேசெலா. அவளை மாபுலா என்று பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட வழியில்லாமல் கிடந்தேன். வண்டியேறும் முன் அவள் தலையைத் திருப்பாமல், ராணி மாதிரியே, “அந்த ஆள எந்திரிக்கச் சொல்லுங்க, தரை ஈரம், முட்டி வலிக்கும்” என்றாள்.

கடலோரச் சிறை என்கிறார்கள். அவள் பொய் ராணி என்று தெரிந்தால் மறுபடி மலைக்கு வருவார்கள், அதனால் போய்ப் பார்க்கவும் முடியாது. மழை இன்னும் விடவில்லை, மோசிபுடி தனியாக விதைக்கிறாள். எனக்கு இந்த மழையின் சத்தமே ஆகவில்லை.

நெஞ்சுச் சளியை அலட்சியம் பண்ணாதே, சூடாகக் கஞ்சி குடி. நம் முன்னோர் உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும். குடிபோதையில்கூட இதை உளறிவிடாதே. அங்கே நம் ஆட்கள் ராணிக்காக அழுவார்கள், நீயும் போய் அவர்களோடு உட்கார்ந்து அழு. யாருக்காக அழுகிறாய் என்று எவனும் கேட்க மாட்டான்.

உன் அப்பா,
மொகலே